இரண்டு நிமிட இருட்டு

அதிராம்பட்டினம் கடற்கரையில் நின்று தென்கிழக்கே கையை நீட்டுங்கள். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். முதுகுக்குப் பின்னால், மேற்கே, புதுக்கோட்டை. 1871 டிசம்பர் 12-ம் தேதி காலையில் இந்த இரண்டு ஊர்களிலும் வெள்ளைக்காரர்கள் தொலைநோக்கியோடு தவம் கிடந்தார்கள். முழு சூரிய கிரகணம்!

மேற்குக் கரையில் பேக்கல் அருகே ஏறிய நிலவின் நிழல், நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை என்று ஓடி, அதிராம்பட்டினம் பக்கத்துக் கடலைத் தாண்டி இலங்கைக்குப் போனது. எந்த ஊரிலும் இருட்டு சுமார் இரண்டே நிமிஷம்தான். கார்த்திகை மாத வானத்தை நம்பலாமா என்று நம் டெல்டா விவசாயியிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்! முந்தைய வருடம்தான் சிசிலியில் மேகம் வந்து காரியத்தைக் கெடுத்திருந்தது. அதனால் இந்த முறை ஆளுக்கொரு ஊராகப் பிரிந்து நின்றார்கள். பேக்கல் கோட்டையில் இங்கிலாந்தின் லாக்யர், நீலகிரியின் சோலூரில் பிரான்ஸின் ஜான்சென், அவிநாசியில் சென்னை வானாய்வுக்கூடத்தின் போக்சன், புதுக்கோட்டையில் ரோமாபுரியிலிருந்து வந்த ரெஸ்பீகி.

மேகம் மன்னித்தது. சூரியனைச் சுற்றியுள்ள வெள்ளொளிதான் கொரோனா (பதற வேண்டாம், இது வேறு கொரோனா!). அதைப் பட்டகக் கண்ணாடி வழியே பார்த்த ரெஸ்பீகிக்கு சிவப்பு, பச்சை, நீலம் என்று வளையங்கள் தெரிந்தன. பச்சைதான் பளிச்! பேக்கலில் லாக்யரும் வளையங்களைப் பார்த்திருந்தார். ஒருத்தர் கண்ணை மட்டும் நம்ப வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. சோலூரில் ஜான்சென் பார்த்த கறுப்புக் கோடுகளோ, கொரோனா வெறும் கண்மயக்கு அல்ல, சூரியனுடைய சொத்துதான் என்று சாட்சி சொல்லின.

ஆனால், அந்தப் பச்சை எதனுடையது? பூமியில் தெரிந்த எந்தப் பொருளோடும் அது ஒத்துப்போகவில்லை. 'கொரோனியம்' என்று புதுசாக ஒரு தனிமத்தையே கற்பனை செய்து பெயரும் வைத்துவிட்டார்கள்! 1940-களில்தான் குட்டு உடைந்தது. அது நம்ம இரும்பு! 13 எலெக்ட்ரான்களைப் பறிகொடுத்த இரும்பு. அந்தக் கதிக்கு ஆளாக பத்து லட்சம் டிகிரிக்கும் மேல் சூடு வேண்டும். சூரியனின் மேற்பரப்போ சுமார் 5,500 டிகிரிதான். அடுப்பைவிட அடுப்பங்கரை சூடு என்றால் எப்படி?

போக்சனின் சென்னை வானாய்வுக்கூடம் 1792-ல் நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. அதன் வழித்தோன்றல்தான் இன்று பெங்களூரில் இருக்கும் இந்திய வான் இயற்பியல் நிலையம். இஸ்ரோ 2023 செப்டம்பர் 2-ல் அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முக்கியக் கருவியைச் செய்து கொடுத்தது அந்த நிலையம்தான். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரிய வட்டத்தைத் தானே மறைத்துக்கொண்டு கொரோனாவைப் பார்ப்பது அதன் வேலை. அது குறிவைக்கும் ஒளிகளில் ஒன்று, புதுக்கோட்டையில் ரெஸ்பீகி பார்த்த அதே பச்சை.