அந்தரத்தில் எம்பியவனும் நடுவரும்

ரக்பி ஆட்டத்தில் உயரே உதைத்த பந்தைப் பிடிக்க எம்பியவனுக்குத் தரையின் துணை இல்லை. ஆகவே, கால்கள் நிலத்தை விட்டெழுந்தவனைத் தள்ளுவதும் இழுப்பதும் மோதுவதும் கூடாதென்பது விதி.

2014 ஏப்ரல் 5-ஆம் நாள் பெல்பாஸ்ட் நகரில் அவ்விதிக்கு ஒரு பெருஞ்சோதனை நேர்ந்தது. ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியின் ஐந்தாம் நிமிடம். அல்ஸ்டர் அணியின் ஜாரெட் பெய்ன், பந்திலேயே கண்ணாக ஓடி, எம்பியிருந்த சாரசென்ஸ் வீரர் அலெக்ஸ் குட் மீது மோதினார். அபாயமாக விழுந்த குட் தூக்குக்கட்டிலில் கொண்டுசெல்லப்பட்டார். நடுவர் ஜெரோம் கார்செஸ் சிவப்பு அட்டை காட்டிப் பெய்னை வெளியேற்றினார். 14 பேருடன் போராடிய அல்ஸ்டர் 15–17 என்று தோற்றது.

தீய எண்ணமில்லாதவரைத் தண்டிக்கலாமா என்று பலர் வாதிட்டனர். பல்லாண்டுகள் பள்ளியில் சிறுவர் வழக்குகளைத் தீர்த்த நான் நடுவர் பக்கமே நிற்பேன். எண்ணம் கண்ணுக்குப் புலப்படாது, கவனக்குறைவு புலப்படும். இருவரும் பந்தை எட்டக்கூடிய நிலையில் எம்பினால், ஒருவர் விழுந்தாலும் அது நேரிய போட்டியே. ஒருவன் அந்தரத்திலிருக்க மற்றவன் தரையில் ஓடிவந்தால், பொறுப்பு தரையிலிருப்பவனுடையது.

2024 நவம்பர் முதல், பந்தைத் துரத்துவோரை மறிப்பவர்களை நடுவர்கள் கண்டிப்புடன் தண்டிக்கத் தொடங்கினர். அந்தரப் போட்டிகள் பெருகின. அதனால் அப்பொறுப்பும் கனத்தது.