நீக்கும் அதிகாரம் உண்டு, நீக்கப்பட்டவர் இல்லை

இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநரை அரசாங்கம் பதவி நீக்கம் செய்ய முடியுமா? முடியும். 1934ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 11ஆவது பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. காரணம் சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. 8ஆவது பிரிவின்படி ஆளுநரை நியமிப்பதும் மத்திய அரசாங்கம்தான். ஒரு தவணை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. மறு நியமனம் உண்டு.

ஆனால், எந்த ஆளுநரும் 11ஆவது பிரிவின் கீழ் நீக்கப்பட்டதில்லை. விலகிச் சென்றவர்களே உண்டு.

முதல் ஆளுநர் ஆஸ்போர்ன் ஸ்மித், பிரிட்டிஷ் ஆட்சியின் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் கிரிக்குடன் முரண்பட்டு 1937இல் விலகினார்.

1949இல் வங்கி நாட்டுடைமையானது. அதே ஆண்டில் ஆளுநரானவர் பெனகல் ராமராவ். 1956இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, உண்டியல்களுக்கான முத்திரை வரியை உயர்த்தினார். இதனால் வங்கிகளின் கடன் செலவு கூடியது. வட்டியை முடிவு செய்வது ரிசர்வ் வங்கியின் வேலை என்று ராமராவ் எதிர்த்தார். பிரதமர் நேரு அமைச்சரின் பக்கம் நின்றார். 1957 ஜனவரியில் ராமராவ் பதவி துறந்தார்.

2018 டிசம்பரில் உர்ஜித் பட்டேலும் விலகினார். சொந்தக் காரணம் என்றார். வங்கியின் கையிருப்பு நிதி தொடர்பாக அரசாங்கத்துடன் கருத்து வேறுபாடு நிலவிய நேரம் அது.

ஆளுநரை நீக்கினால் நாடாளுமன்றம் காரணம் கேட்கும். அவரே விலகினால் அரசாங்கம் பதில் சொல்ல வேண்டியதில்லை. வாள் உறையில் இருந்தாலும் அது வாள்தானே!