வெண்மணியும் ஒரு சிவில் வழக்கும்

நமக்குப் பொழப்பு பொட்டி தட்டுறது. சட்டம் படிச்சவன் இல்லை. ஆனா ஒரு கேள்வி ரொம்ப நாளா குடைஞ்சுக்கிட்டே இருக்கு.

சொந்த ஊர் காரைக்கால் கோவில்பத்து. வாஞ்சூர் எல்லையைத் தாண்டி, நாகூர், நாகை வழியா போனா கீழவெண்மணி வந்துடும். 1968 டிசம்பர் 25 ராத்திரி அங்கே ஒரே குடிசைக்குள்ள 44 பேர் எரிஞ்சு செத்தாங்க. பெரும்பாலும் பொம்பளைங்களும் குழந்தைகளும். எல்லாரும் தலித் கூலிக்காரக் குடும்பங்கள். அவங்க செஞ்ச தப்பு, அரைப்படி நெல்லு கூலி கூடக் கேட்டது, செங்கொடியை இறக்க மறுத்தது.

1970-ல் நாகை செஷன்ஸ் கோர்ட்டு, நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உட்பட 8 பேருக்கு 10 வருஷம் தண்டனை கொடுத்துச்சு. 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை பண்ணிடுச்சு. காரு வெச்சிருக்கிற பெரிய மனுஷங்க நடந்தே போய்த் தீ வெச்சிருப்பாங்கன்னு நம்ப முடியலையாம். இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

என் கேள்வி வேற. ஜெயிலுக்கு அனுப்ப முடியலைன்னா, நஷ்டஈடாவது கட்ட வெச்சிருக்க முடியாதா?

எங்க ஊர்ல இருந்த பிரெஞ்சுக்காரன் சட்டத்துல ஒரு வசதி உண்டு. பாதிக்கப்பட்டவங்க கிரிமினல் வழக்குலேயே ஒரு தரப்பா சேர்ந்து நஷ்டஈடும் கேட்கலாம். இங்கிலீஷ்காரன் விட்டுட்டுப் போன முறையில ரெண்டுக்கும் தனித்தனி கோர்ட்டு. அதுலயும் ஒரு நல்லது இருக்கு. கிரிமினல் கோர்ட்டுல நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும். சிவில்ல எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னு காட்டினாலே போதும். அதனால அங்கே தப்பிச்சவன் இங்கே மாட்டலாம்.

அமெரிக்காவுல அப்படித்தான் நடந்துச்சு. 1981-ல் அலபாமாவின் மொபைல் நகரத்துல மைக்கேல் டொனால்டுங்கிற 19 வயசு கறுப்பினப் பையனைக் கு க்ளக்ஸ் கிளான் ஆளுங்க கொன்னு மரத்துல தொங்க விட்டாங்க. கொன்னவனுக்குத் தண்டனை கிடைச்சுது. அவன் அம்மா பியூலா மே டொனால்டு அதோட விடலை. கொலைகாரனை வளர்த்த அமைப்பு மேலேயே சிவில் வழக்கு போட்டாங்க. 1987-ல் 70 லட்சம் டாலர் தீர்ப்பு. அமைப்புக்கிட்ட அவ்வளவு காசு ஏது? தலைமை அலுவலகக் கட்டடத்தையே அந்த அம்மா பேருக்கு எழுதிக் கொடுத்தாங்க.

நம்மகிட்டயும் சட்டம் இருந்துச்சு. 1855-லேயே வந்த உயிரிழப்புச் சட்டத்தின்படி, அநியாயமா செத்தவரோட வாரிசுங்க நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். ஆனா காலக்கெடு, செத்த நாள்லேர்ந்து 2 வருஷம். வெண்மணிக்கு அது 1970 டிசம்பரோட முடிஞ்சது. விடுதலைத் தீர்ப்பு வந்தது 1973-ல்! அரைப்படி நெல்லுக்கு அல்லாடுறவங்க கோர்ட்டு ஃபீஸுக்கு எங்க போவாங்கங்கிறது தனிக்கதை.

1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் 1995 விதிகளும் வந்தப்புறம் நிவாரணப் பணம் கிடைக்குது. அது வர்றது அரசாங்க கஜானாவுலேர்ந்து, அதாவது நம்ம வரிப்பணம். அடிச்சவன் பாக்கெட் அப்படியே இருக்கு.

இதை மாத்தின தீர்ப்பு ஒண்ணு உண்டு. தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்னிக்குச் சந்தனமரம் தேடி வந்த வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க பழங்குடி கிராமத்தையே சூறையாடி, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செஞ்சாங்க. 2011-ல் 215 பேருக்குத் தண்டனை. 2023 செப்டம்பர் 29-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி பண்ணி, அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்கச் சொல்லுச்சு. அதுல பாதி, 5 லட்சத்தைக் குற்றவாளிங்ககிட்டேர்ந்து வசூல் பண்ணணும்னும் சேர்த்துச் சொல்லுச்சு.

31 வருஷம் ஆச்சு. கிரிமினல் அப்பீல்ல வந்த உத்தரவுதான், சிவில் வழக்கு இல்லை. ஆனாலும் எனக்கு அந்தப் பத்து லட்சத்தை விட அந்தப் பாதிதான் பெருசாத் தெரியுது. கஜானா கொடுத்தா அது உதவி. செஞ்சவன் கையிலேர்ந்து வந்தாத்தான் அது ஒப்புதல்.

வெண்மணி நினைவிடத்துல நின்னப்ப தோணினது இதுதான். அந்த 44 பேருக்கு யாரும் கடன்பட்டவங்கன்னு எந்தக் கோர்ட்டும் கடைசிவரைக்கும் எழுதலை.

வக்கீல் நண்பர்கள் யாராவது படிச்சா, நான் சட்டத்தைத் தப்பாப் புரிஞ்சிருந்தா தலையில குட்டித் திருத்துங்க.