சுவரில் இல்லாத விளம்பரம்: விபத்து இழப்பீடும் வக்கீல்களும்

பேருந்து நிலையச் சுவர்களில் மூலம், பௌத்திரம் வைத்தியம் தொடங்கி கடன் உதவி வரை எல்லாவற்றுக்கும் விளம்பரம் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியும் இதற்கு விலக்கல்ல. இரும்பு உருக்காலைகளும் ரோலிங் மில்களும் நிறைந்த சிப்காட் பகுதி அது. பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள் அங்கே அதிகம் வேலை செய்கிறார்கள். ஆனால் "மெஷினில் விரல் போய்விட்டதா? இழப்பீடு வாங்கித் தருகிறோம்" என்று ஒரு வக்கீல் சுவரொட்டி ஒட்ட முடியாது. ஏன்?

இதன் கதை 1923இல் தொடங்குகிறது. இங்கிலாந்தின் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில் இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் அமலானது. வேலையில் அடிபட்டால் முதலாளி பணம் கொடுக்க வேண்டும். கட்டை விரல் போனால் 30 சதவீதம், மணிக்கட்டோடு ஒரு கை போனால் 60 சதவீதம் சம்பாதிக்கும் திறன் இழப்பு என்று அதன் பிற்கால அட்டவணை சொன்னது. கோரிக்கையை இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையரிடம் தாக்கல் செய்ய வேண்டும் என்றும் பின்னாளில் விதித்தார்கள்.

கையில் பணம் வரும் இடத்தில் தரகர்களும் வருவார்கள் அல்லவா? அதைச் சட்டம் எழுதியவர்கள் முன்பே யோசித்திருக்கிறார்கள். இழப்பீட்டை யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது, கடனுக்காக ஜப்தி செய்யவும் முடியாது என்றது 9ஆம் பிரிவு. இறந்தவருக்கான தொகையை முதலாளி குடும்பத்திடம் நேரே கொடுக்காமல் ஆணையரிடம்தான் கட்ட வேண்டும் என்றது 8ஆம் பிரிவு.

வக்கீல்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. ஜெயித்தால் பங்கு என்று ஒப்பந்தம் போடுவது தொழில் ஒழுங்கீனம் என்று 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் இந்திய பார் கவுன்சில் 1975இல் விதிகளை வெளியிட்டது. அதில் 36ஆம் விதிதான் முக்கியமானது. சுற்றறிக்கை, விளம்பரம், தரகர் என எந்த வழியிலும் வக்கீல் வேலை தேடக்கூடாது. பெயர்ப் பலகைகூட அளவாக இருக்க வேண்டும். இன்ன வகை வழக்கில் நிபுணர் என்று அதில் போடக்கூடாது!

அதே காலத்தில் அமெரிக்கா வேறு பாதையில் போனது. 1977இல் அரிசோனா வக்கீல்கள் வழக்கில், வக்கீல் விளம்பரமும் பேச்சுரிமையில் அடங்கும் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் விபத்து இழப்பீட்டுக் கம்பெனிகள் டிவியில் விளம்பரம் செய்து பெருகின. அவற்றில் பெரிய ஒன்று 2003இல் திவாலாகி, ஊழியர்களை எஸ்எம்எஸ் அனுப்பியே வேலையை விட்டு நீக்கியது. பிறகு 2006இல் அவற்றை முறைப்படுத்தச் சட்டம் வந்தது. வழக்குப் பிடித்துக் கொடுப்பதற்கான கமிஷன் 2013இல் தடை செய்யப்பட்டது.

இந்தியாவில் 2008இல் ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்தத் துறை வழக்குகள் என்ற விவரங்களை மட்டும் இணையத்தில் வெளியிட வக்கீல்களுக்கு அனுமதி கிடைத்தது. 2017 டிசம்பரில், சாலை விபத்தில் கணவரை இழந்த பெண்ணிடம் இழப்பீட்டில் சதவீதக் கட்டணம் கேட்ட வழக்கில், அப்படிக் கேட்பதே தவறு என்று உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையதளங்கள் மூலம் விளம்பரம் செய்யும் வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது.

இவையெல்லாம் தொழிலாளியைக் காப்பாற்றத்தான். ஆனால் நாணயத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. தமிழ் தெரியாத ஒடிசா இளைஞன் ஒருவனுக்கு மில்லில் விரல்கள் நசுங்கினால், அவனுக்கு உரிமை இருக்கிறது என்று யார் சொல்வது? வக்கீல் சொல்லி அழைக்கக்கூடாது. மேஸ்திரி சில ஆயிரம் கொடுத்து ரயில் ஏற்றிவிடலாம். இப்படி உரிமையை விட்டுக்கொடுத்துப் போடும் ஒப்பந்தம் செல்லாது என்று 17ஆம் பிரிவு சொன்னது. 1995 திருத்தத்தின்படி சொந்த ஊரிலிருந்தே வழக்குப் போடவும் வழி இருந்தது. தெரிந்தால்தானே போடுவான்?

இந்த ஓட்டையை அரசும் உணர்ந்தது. வேலைக்குச் சேரும்போதே இழப்பீட்டு உரிமையை எழுத்திலும் மின்னணு வடிவிலும் முதலாளியே தெரிவிக்க வேண்டும், இல்லையென்றால் 50,000 ரூபாய் முதல் ஒரு லட்சம் வரை அபராதம் என்று 2017இல் திருத்தம் வந்தது. அதாவது, பணம் கொடுக்க வேண்டியவரையே விளம்பரம் செய்யச் சொன்னது சட்டம்! 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தைச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு எடுத்துக்கொண்டது.

இதற்கெல்லாம் மேலாக ஒரு வழி இருக்கிறது. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் போதும். கமிஷன் கேட்காத இந்த உதவியை விளம்பரம் செய்ய எந்த விதியும் தடையில்லை. அது இந்தியிலும் ஒடியாவிலும் சிப்காட் சுவர்களில் ஏறினால், 36ஆம் விதியின் நோக்கமும் கெடாது, விரல் இழந்தவனின் உரிமையும் போகாது.