மார்பு என்று வாய்விட்டுச் சொன்னவர்கள்

லண்டனில் வளர்ந்த எங்களில் பலர் ஏதோ ஒரு வயதில் வீட்டுக் கடிதங்களை வாசிக்கத் தொடங்கியவர்கள்தான். கவுன்சில் வரி, காஸ் பில், ஆஸ்பத்திரி அப்பொயின்ட்மென்ட் எல்லாம் எங்கள் கைக்குத்தான் வரும். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த அம்மாக்கள்கூட "இதை ஒருக்கா பார்" என்று நீட்டுவார்கள். ஒரே ஒரு கடிதம் மட்டும் அப்படி வருவதில்லை. அம்மாவுக்கு ஐம்பது தாண்டியதும் என்.எச்.எஸ். அனுப்பும் மார்பகப் பரிசோதனை அழைப்பு அது. பல வீடுகளில் அது மைக்ரோவேவுக்கு மேலே இருக்கும் கடிதக் கட்டுக்குள் போய், அங்கேயே கிடந்துவிடும்.

நான் சில வருடங்களாகச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளின் பெரிய வகுப்புகளிலும் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களிலும் மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேசப் போகிறேன். சம்பளம் இல்லை, ரோல்ஸும் தேத்தண்ணியும் உண்டு. நான் டாக்டரும் இல்லை. படித்தது வரலாறு. அதனால் அறிகுறிகளைச் சொல்வதற்கு முன்னால் எப்போதும் கதை சொல்லித்தான் தொடங்குவேன். அந்தக் கதையைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஃபானி பர்னி. ஜேன் ஆஸ்டினுக்கு முந்திய தலைமுறையில் இங்கிலாந்தில் பெயர் பெற்ற நாவலாசிரியை. கணவர் பிரெஞ்சுக்காரர் என்பதால் நெப்போலியன் காலத்தில் பாரிஸில் வாழ்ந்துகொண்டிருந்தார். 1811 செப்டம்பர் 30 அன்று அவருடைய வீட்டிலேயே அவருடைய மார்பு அறுத்து எடுக்கப்பட்டது. செய்தவர் நெப்போலியனின் படைமருத்துவர் லாரே. மயக்கமருந்து கண்டுபிடிக்க இன்னும் முப்பத்தைந்து வருடங்கள் இருந்தன. குடிக்க வைன் கலந்த பானம் கொடுத்தார்கள். முகத்தில் ஒரு மெல்லிய கைக்குட்டையை விரித்தார்கள். துணிக்குள்ளால் கத்தியின் மினுக்கம் தெரிந்ததாம்.

அவர் பிழைத்தார். அது ஒரு அதிசயம் என்றால், அடுத்ததாக அவர் செய்தது எனக்கு இன்னும் பெரிய அதிசயம். லண்டனில் இருந்த அக்கா எஸ்தருக்கு நடந்ததையெல்லாம் கடிதமாக எழுதினார். எழுதி முடிக்க மாதக் கணக்கானது. எழுதியதைத் திருப்பி வாசிக்கக்கூட அவருக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அனுப்பினார். ஒரு பெண் தன் மார்பில் வந்த நோயைத் தன் சொந்த வார்த்தைகளில் இவ்வளவு விபரமாக எழுதிவைத்த மிகப் பழைய பதிவுகளில் இது ஒன்று. பர்னி 1840இல் லண்டனில் 87 வயதில் இறந்தார்.

அடுத்த கதை ஃபுல்ஹாம் ரோட்டில் இருக்கிறது. சவுத் கென்சிங்டன் ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தால் ராயல் மார்ஸ்டன் ஆஸ்பத்திரி வரும். வில்லியம் மார்ஸ்டன் என்ற சத்திரசிகிச்சை மருத்துவரின் மனைவி 1846இல் புற்றுநோயால் இறந்தார். 1851இல் மார்ஸ்டன் புற்றுநோய்க்கென்றே தனியாக, இலவசமாக ஒரு ஆஸ்பத்திரி தொடங்கினார். பிறகு அது ராயல் கான்சர் ஹாஸ்பிடல் ஆனது. 1925இல் மேற்படிப்புக்காக லண்டன் வந்த ஒரு தமிழ்ப் பெண் டாக்டர் அந்த ஆஸ்பத்திரியைப் பார்த்தார். அவர் பெயர் முத்துலட்சுமி ரெட்டி.

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். 1927இல் சென்னை சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர். தேவதாசி முறைக்கு எதிராக அவர் போராடியதைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள், தமிழ் ஏ லெவல் செய்தவர்கள் நிச்சயமாக. புற்றுநோய்க் கதை அவ்வளவாக வெளியில் வருவதில்லை. 1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். வீட்டிலேயே ஒரு டாக்டர் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. இரண்டு வருடங்களில் லண்டனில் ரேடியமும் எக்ஸ்ரேயும் வைத்து வைத்தியம் நடப்பதைக் கண்ணால் பார்க்கிறார். இப்படி ஒன்று எங்கள் ஊரில் ஏன் இல்லை என்ற கேள்வியோடு அவர் கப்பல் ஏறியிருப்பார் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த ஆஸ்பத்திரி வர இன்னும் கிட்டத்தட்ட முப்பது வருடம் எடுத்தது. புற்றுநோய் வந்தால் எப்படியும் சாவுதானே, அதற்கு ஏன் தனி ஆஸ்பத்திரி என்று கேட்டவர்கள் அதிகாரத்திலேயே இருந்தார்கள். வீடு வீடாகவும் கடை கடையாகவும் காசு சேர்த்துத்தான் அது எழும்பியது. 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பன்னிரண்டு கட்டில்களோடு திறந்தது. லண்டனில் மார்ஸ்டனின் பெயர் அந்த ஆஸ்பத்திரிக்குச் சூட்டப்பட்டதும் அதே 1954இல்தான். தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல். அடுத்த வருடம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021இல் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. புற்றுநோய் தொற்றாது, வெட்கப்படவேண்டிய நோய் இல்லை என்று அறுபது வருடங்களுக்கு மேலாகத் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தவர்.

எங்கள் பக்கத்துக்கு வந்தால், 2011இல் சிங்களவரும் தமிழருமாகச் சேர்ந்து இலங்கையின் தென்முனையில் இருந்து பருத்தித்துறை வரை கால்நடையாக நடந்து, தெல்லிப்பளையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி கட்டக் காசு சேர்த்தார்கள். யுத்தம் முடிந்து இரண்டே வருடங்கள். அதுவரை வடக்கில் இருந்த நோயாளிகளுக்கு மகரகமதான் கதி. பஸ்ஸில் எத்தனை மணித்தியாலம், வழியில் எத்தனை சோதனைச்சாவடி என்று உங்கள் அப்பா அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

இப்போது ஒரு பயத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் வீடுகளில் கட்டியை மறைத்து வைத்தவர்களைக் கேட்டால், சாவுக்குப் பயந்து என்று சொல்பவர்கள் குறைவு. "முழுசா வெட்டி எடுத்துப்போடுவினம்" என்ற பயம்தான் பெரிது. அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க சர்ஜன் மார்பையும், அடியில் இருக்கும் நெஞ்சுத் தசையையும், அக்குள் நெறிகளையும் சேர்த்து எடுக்கும் முறையைப் பரப்பினார். உலகம் முழுக்க அதுவே வேதமானது. 1920களில் லண்டன் பார்ட்ஸ் ஆஸ்பத்திரியில் ஜெஃப்ரி கெய்ன்ஸ் என்பவர், கட்டியை மட்டும் எடுத்து ரேடியம் ஊசிகளை வைத்தால் போதாதா என்று கேட்டு, செய்தும் காட்டினார். பொருளாதாரம் படிப்பவர்களுக்கு அந்தக் குடும்பப்பெயர் பழக்கமாக இருக்கும். ஜான் மேனார்ட் கெய்ன்ஸின் தம்பிதான். சக சர்ஜன்கள் கேட்கவில்லை. 1981இல் மிலானில் வெரோனேசியின் ஆய்வு முடிவு வந்தபிறகுதான் சின்னக் கட்டிக்கு முழு மார்பும் போகத் தேவையில்லை என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டது. எங்கள் அம்மம்மாமார் பயந்தது வீண் பயம் இல்லை, அவர்கள் காலத்தில் அதுதான் நடந்தது. இன்று நேரத்தோடு போனால் பல பேருக்கு மார்பு மிஞ்சும்.

வைத்தியம் ஒரு பக்கம். ஆனால் வைத்தியம் முடிந்து வீட்டுக்கு வந்த பெண்ணோடு யார் பேசுவது? பெட்டி வெஸ்ட்கேட் என்ற குரொய்டன் பெண் இந்த நோயைக் கடந்து வந்தவர். 1973இல் அவர் மாஸ்டெக்டமி அசோசியேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார். நோயைக் கடந்த பெண்கள் நோயில் இருக்கும் பெண்களோடு பேசுவது, அவ்வளவுதான் திட்டம். அது பிறகு பிரெஸ்ட் கான்சர் கேர் ஆகி, 2019இல் பிரெஸ்ட் கான்சர் நவ் என்ற பெரிய அமைப்போடு சேர்ந்தது. இன்று எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் வாழும் அதே குரொய்டன்.

பிறகு அந்தக் கடிதம். 1986இல் பட்ரிக் ஃபொரெஸ்ட் என்ற பேராசிரியரின் தலைமையில் ஒரு குழு, மாமோகிராம் பரிசோதனையை நாடு முழுக்கக் கொண்டுவரலாம் என்று அறிக்கை கொடுத்தது. 1988இல் என்.எச்.எஸ். அதைத் தொடங்கியது. இப்போது 50 வயதில் இருந்து 71ஆவது பிறந்தநாள்வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை அழைப்பு வரும். முதல் அழைப்பு 53 வயதுக்குள் வந்துவிட வேண்டும். ஜி.பி.யில் பதிந்திருந்தால் போதும், காசு இல்லை, நாள் சரிவராவிட்டால் மாற்றலாம். படம் எடுப்பவர் பெண்ணாகத்தான் இருப்பார். இந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டபிறகு போன மாமிமார் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். இங்கிலாந்தில் அழைப்பு வந்தும் போகாதவர்கள் அதிகம் இருக்கும் இடம் லண்டன்தான்.

ஐம்பது வரை கடிதம் வராது. அப்படியென்றால் இருபது வயதுக்காரிக்கு?

கிரிஸ் ஹாலெங்காவின் கதை இங்கேதான் வருகிறது. அவர் மார்பில் கட்டி இருப்பதாக டாக்டரிடம் போனபோது, ஹோர்மோன் மாற்றம் என்று அனுப்பிவிட்டார்கள். வயது அப்படி. 2009இல் நோய் உறுதியானபோது அவருக்கு 23 வயது. அதற்குள் நோய் முள்ளந்தண்டுவரை போயிருந்தது. நான்காம் கட்டம். அதே வருடம், இரட்டைச் சகோதரி மாரெனோடு சேர்ந்து 'கொப்பாஃபீல்' என்ற அமைப்பைத் தொடங்கினார். இசைவிழாக்களுக்குப் போய் இளம் ஆட்களிடம் நேரே, சிரிக்கச் சிரிக்கப் பேசினார். இந்த நோயைச் சந்தித்த இளம் பெண்களே தொண்டர்களாகப் பள்ளிக்கூடங்களுக்கும் வேலைத்தலங்களுக்கும் போய்ப் பேசினார்கள். அவர்களுக்குப் 'பூபெட்ஸ்' என்று பெயர். பல்கலைக்கழகங்களில் மாணவர் குழுக்களும் உருவாகின. இந்தப் பெயர்களை எல்லாம் தமிழில் மொழிபெயர்த்துப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.

புற்றுநோய் பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது கிரிஸ் பல வருடங்கள் விடாமல் கேட்டது. 2020 செப்டம்பரில் இருந்து இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் சுகாதாரக் கல்வி கட்டாயமானது. மேல்வகுப்புப் பிள்ளைகள் தங்களைத் தாங்களே பரிசோதிப்பதன் பயனைப் படிக்கவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. நான்காம் கட்டத்தோடு பதினைந்து வருடங்கள் வாழ்ந்து, 2024 மே மாதம், 38 வயதில் கிரிஸ் இறந்தார்.

எங்கள் பள்ளிகளில் இது எப்படிப் போகிறது? ஒரு பள்ளியில் நோட்டீஸில் 'மார்பகம்' என்ற சொல் வேண்டாம், 'பெண்கள் சுகாதாரம்' என்று போடுங்கள் என்றார்கள். போட்டால் யாரும் வரமாட்டார்களாம். நான் கேட்டேன், இலக்கிய வகுப்பில் இந்தச் சொல் வராமல் சங்கப் பாட்டு நடத்த முடியுமா என்று. நிர்வாகத்தில் இருந்த ஒரு அன்ரி சிரித்துவிட்டார். அதோடு சொல் தப்பிப் பிழைத்தது. இன்னொரு பள்ளியில் தப்பவில்லை. அங்கே வகுப்பு நடக்கவே இல்லை.

வகுப்பில் நான் சொல்வது அதிகம் இல்லை. இந்த மணிக்கு, இந்தத் திசையில், இத்தனை சுற்று என்று தடவச் சொல்லும் பழைய பாடம் 1990களிலேயே இங்கே கைவிடப்பட்டது. உங்கள் உடம்பு சாதாரணமாக எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும், குளிக்கும்போதோ உடுப்பு மாற்றும்போதோ. கட்டி, தடிப்பு, தோலில் குழி, முலைக்காம்பு உள்ளே இழுபடுவது, அதில் இருந்து நீரோ இரத்தமோ வருவது, ஆறாத சொறி, அக்குளிலோ காறை எலும்புப் பக்கமோ வீக்கம். இதில் எது புதிதாக வந்தாலும் ஜி.பி.யிடம் போகவேண்டும். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் இல்லை, இளம் வயதில் இன்னும் குறைவு. ஆனால் அதைத் தீர்மானிப்பது நீங்களோ கூகுளோ இல்லை. "வயது காணாது" என்று திருப்பி அனுப்பினால், கட்டி போகாவிட்டால், திரும்பப் போங்கள்.

பெடியன்கள் பின்வரிசையில் போனோடு இருப்பார்கள். பிரித்தானியாவில் வருடத்துக்கு ஏறக்குறைய 400 ஆண்களுக்கும் இந்த நோய் வருகிறது என்றதும் தலை நிமிரும். ஒருமுறை ஒருவன் கேட்டான், "என்ட அப்பாவின்ட அம்மாவுக்கு இருந்தது, அது அப்பா பக்கம்தானே, தங்கச்சிக்கு ஒண்டும் இல்லைத்தானே?" நல்ல கேள்வி. பெரிய ஆட்களே இதைக் கேட்பதில்லை.

அவனுக்கு சட்டனைப் பற்றிச் சொன்னேன். டூட்டிங்கில் இருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் இருக்கும் சட்டனில்தான், 1995இல் மைக்கல் ஸ்ட்ராட்டனின் குழு பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தது. அதில் கோளாறு இருந்தால் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகவும் கூடும். அந்தக் கோளாறு அம்மாவிடம் இருந்தும் வரலாம், அப்பாவிடம் இருந்தும் வரலாம். இருப்பவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்கள் பரம்பரையாக வருபவை இல்லை. ஆனால் குடும்பத்தில் யாருக்கு, எத்தனை வயதில், எந்தப் புற்றுநோய் என்று ஜி.பி.யிடம் சொன்னால், தேவையானவர்களைப் பரம்பரை நோய் கிளினிக்குக்கு அனுப்புவார்கள்.

"அப்பம்மாவுக்கு எத்தனை வயசில வந்தது?" என்று கேட்டேன். தெரியாது என்றான். வீட்டில் அதைப்பற்றி ஒருவரும் கதைப்பதில்லையாம். அப்பாவிடம் கேட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னான். அடுத்த சனிக்கிழமை ஒரு கொப்பி ஒற்றையில் எழுதிக்கொண்டு வந்தான். அப்பம்மா 41. அவவின் அக்கா 38. ஒற்றையை என்னிடம் தரவேண்டாம், அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஜி.பி.யிடம் கொண்டுபோ என்றேன்.