சூக்காட்டலும் மீட்டழைப்பும்
கோலசிலாங்கூர்த் தோட்டங்களில் வேட்டைநாயின் வரலாறு

நாயை ஒன்றின்மேல் ஏவுவதைத் தமிழர் 'சூக்காட்டுதல்' என்பர். அகராதியேறிய சொல் அது. ஏவிய நாயைத் திரும்ப அழைப்பதற்கு அத்துணை உறுதியான தனிச்சொல் வழக்கில் வேரூன்றவில்லை. 'தோ, தோ' என்னும் ஒலிக்குறிப்பும், நாவை மடித்தெழுப்பும் சீழ்க்கையும், நாய்க்கு இட்ட பெயருமே அவ்விடத்தை நிரப்புகின்றன. இது தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் வேட்டையில் எளிய பகுதி எது, அரிய பகுதி எது என்பதை இவ்வேறுபாடு நன்கு காட்டுகிறது. 'பிடி' என்றால் எந்நாயும் ஓடும். பன்றியின் மணம் மூக்கிலேறி, குருதி கொதித்தபின், 'வா' என்ற குரலுக்குத் திரும்பும் நாய் நூற்றில் ஒன்று. அந்த ஒன்றை உண்டாக்க மாந்தர் கையாண்ட வழிகளுக்கு நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு பகுதி மலாயாவின் வட சிலாங்கூர்த் தோட்டங்களில் நடந்தது.

தமிழ் படித்தோர்க்கு வேட்டைநாய் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படையில் ஞமலியொடு புதல்களை அலைத்து, குறுமுயலை வலைக்குள் ஓட்டும் எயினரைக் காண்கிறோம். திண்ணனாரின் கன்னிவேட்டையைப் பாடும் சேக்கிழார் வலைகளையும் நாய்களையும் விரித்துரைக்கிறார். அங்கும் வலையறுத்தோடிய பன்றியே கதையின் திருப்பமாகிறது. அதனைத் தொடர்ந்தோடிய திண்ணனாருக்கு இருவரே துணைநின்றனர், ஏனையோர் பின்தங்கினர். குரலால் விலங்கை ஆளும் கலையையும் சான்றோர் அறிந்திருந்தனர். கோலூன்றி நிற்கும் இடையனின் வீளையொலி கேட்டுக் குட்டிகளை நோக்கியிருந்த குறுநரி அஞ்சியோடும் காட்சி அகநானூற்றில் உண்டு. அவன் விளி கேட்டு மந்தை அசையாது தங்கும் காட்சி நற்றிணையில் உண்டு. வீளை என்னும் பழஞ்சொல்லை ஏட்டில் விட்டுவிட்டுச் 'சீட்டி' என்று சொல்லப் பழகியது பிற்காலத்தார் செய்த இழப்பு.

இனித் தோட்டத்திற்கு வருவோம். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காப்பியும், அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரும் பரவின. புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் லயங்கள் எழுந்தன. 1905இல் மலாயாவுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோன்யே இவ்வட்டாரத்தில் ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தை நிறுவினார். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் வணிகமுறையில் செம்பனை நடப்பெற்றது. மலாயாவின் முதல் செம்பனைத் தோட்டம் இதுவே. தோட்டத்தின் பெயரே தமிழாக ஒலிப்பதைக் கற்றோர் கவனிக்கத் தகும். ஃபோக்கோன்யே பின்னர் 'மலேசி' என்னும் புதினத்திற்காக 1930இல் கோன்கூர்ப் பரிசு பெற்றார்.

செம்பனை வந்தபின் காட்டுப்பன்றியின் செய்தி வேறாயிற்று. ரப்பர் மரத்தில் பன்றிக்கு உவப்பான உணவு குறைவு. செம்பனையோ இளங்கன்றாயிருக்கையில் குருத்தையும், முதிர்ந்தபின் உதிர்ந்த பழத்தையும் அதற்கு அளிக்கிறது. காட்டோரத்துத் தோட்டம் பன்றிக்குக் குறையாத களஞ்சியம். நெகிரி செம்பிலானிலுள்ள பாசோ காட்டில் ஆய்ந்த கே. ஐக்ஸ் என்பார், 1996இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 47 பன்றிகளும் 1998இல் 27 பன்றிகளும் இருந்ததாகக் கணக்கிட்டார். இயற்கைக்கு மிஞ்சிய இப்பெருக்கத்திற்கு, புலி முதலிய கொல்விலங்குகள் அருகியதையும் சூழ்ந்த செம்பனைத் தோட்டங்களின் உணவையும் அவர் காரணமாகக் காட்டினார். வட சிலாங்கூரிலோ ராஜா மூசா ஒதுக்குக்காடு முதலிய சதுப்புநிலக் காடுகள் தோட்டங்களை அடுத்தே கிடக்கின்றன.

பன்றியால் பெரிதும் இழந்தவன் துரையல்லன், லயத்துத் தொழிலாளியே. லயத்தின் பின்புறத்து மரவள்ளிப் பாத்தியும் சேம்பும் வாழையும் ஓரிரவில் உழுத நிலமாகிவிடும். 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில் அரிசி அருகி, மரவள்ளிக் கிழங்கே உயிர்காத்த உணவாயிற்று. அக்காலத்தில் ஒரு பாத்தி அழிவது ஒரு குடும்பத்தின் பட்டினியைக் குறித்தது. துப்பாக்கி துரைமார் கையில் இருந்தது. தொழிலாளி கையில் இருந்தவை வேல்கம்பும் வெட்டுக்கத்தியும் நாயுமே. ஓய்வுநாளில் நாலைந்து பேர் ஏழெட்டு நாட்டு நாய்களுடன் காட்டோரம் செல்வர். கப்பலேறி வந்தவர் ராசபாளையத்தையோ கோம்பையையோ உடன்கொணரவில்லை. இங்குப் பிறந்த நாயையே பழக்கினர்.

பழக்கம் எவ்வாறு? முதலில் ஒரே கையிலிருந்து உணவு. அடுத்துச் சோற்றுநேரத்தில் ஒரே சீழ்க்கை. குட்டி வளர்ந்ததும் நீண்ட கயிறு. அழைத்ததும் கயிற்றை மெல்லச் சுண்டி, வந்ததும் ஒரு துண்டு கருவாடோ இறைச்சியோ கொடுத்தல். கிழநாய் ஒன்றோடு இளநாயை ஓடவிடுவதும் உண்டு. மூத்தது திரும்பினால் இளையதும் திரும்பும். இவற்றில் எதுவும் நூல்வழி வந்ததன்று. உலகின் எப்பகுதி வேடரும் ஏறத்தாழ இவ்வாறே செய்தனர். நாயின் வேலை பன்றியைக் கொல்வதன்று, அதனை ஓரிடத்தில் மறித்துக் குரைத்து நிறுத்துவதே என்பதை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். கொம்பன் பன்றியின் கோரை நாயின் வயிற்றைக் கிழிக்கும் வலிமையுடையது. அழைத்தபோது விலகாத நாய் அதனிடம் அகப்பட்டால் பிழைப்பது அரிது.

மீட்டழைப்பு வேறொரு காரணத்தாலும் இன்றியமையாததாயிற்று. தோட்டத்தின் எல்லைக்கப்பால் மலாய்க் கம்பங்கள். இசுலாமிய நெறிப்படி நாயின் எச்சில் தூய்மைக்கேடு. பட்ட இடத்தை மண்கலந்த நீர் உட்பட ஏழுமுறை கழுவவேண்டும். பன்றியைத் துரத்திய நாய் ஒரு வீட்டு முற்றத்திலோ தொழுகையிடத்தருகிலோ புகுந்தால் அண்டையர் மனம் புண்படும். குரலுக்கு அடங்கும் நாயை வைத்திருப்பது நல்லுறவு காக்கும் வழியுமாம்.

1948 சூன் திங்களில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்போர்க்கு மரணதண்டனை விதிக்கும் சட்டம் வந்தது. சிதறிய லயங்கள் முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன, இரவில் ஊரடங்கு. காட்டோரம் திரிவோர் ஐயத்திற்கு ஆளாயினர். வேட்டை ஒடுங்கியது, பன்றியோ ஒடுங்கவில்லை. அதன்மேல் 1952இல் கோலாலம்பூர் வட்டாரத்தில் நாய்வெறி நோய் தோன்றியது. கட்டாயத் தடுப்பூசியும், உரிமையாளரற்ற நாய்களை ஒழித்தலும் மேற்கொள்ளப்பட்டன. லயத்து நாய்க்கு உரிமையாளர் ஒருவரா, லயம் முழுதுமா என்பது எளிதில் விடைகூற இயலாத வினா. சட்டத்திற்கோ ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் யார் எனத் தெளிவாகக் காட்ட இயலாத நாய்களுக்கு ஆபத்து மிகுதி.

இதற்கிடையே மேல்நாடுகளில் நாய்ப்பயிற்சி ஆராய்ச்சிப் பொருளாயிற்று. 1876இல் பிரான்சிசு கால்ட்டன் என்னும் ஆங்கிலேயர் மாந்தர் செவிக்கெட்டாத மிகுநுண் ஒலி எழுப்பும் சீழ்க்கையொன்றை அமைத்தார். மாந்தர் ஏறத்தாழ 20,000 அதிர்வு வரை கேட்பர். நாய் 45,000 வரை கேட்கும். 1898இல் தார்ண்டைக் பூனைகளைப் பெட்டிகளிலிட்டு ஆராய்ந்து, இன்பந்தரும் செயல் நிலைக்கும், துன்பந்தருவது தேயும் என்னும் விதியைப் பின்னர் வகுத்தார். 1910இல் செருமானியக் காவல்நாய்ப் பயிற்சியாளர் கொன்ராட் மோஸ்ட் எழுதிய நூல், வன்முறைப் பயிற்சியை முறைப்படுத்தியது. மின்கழுத்துப்பட்டை அவ்வழியில் வந்த கருவியே.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் 1968இல் தொடங்கிய ட்ரை-ட்ரானிக்ஸ் என்னும் நிறுவனம், முதலில் வேட்டைநாய்க்கெனவே இதனைச் செய்தது. தொலைவில் மானின் பின்னோ முயலின் பின்னோ ஓடும் நாயைக் கயிறின்றித் திருத்துவதே நோக்கம். 2011இல் அந்நிறுவனத்தைக் கார்மின் நிறுவனம் வாங்கியது. இன்று நாயின் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் வழிக் காட்டும் பட்டைகளும் உள. மலேசியாவிலும் இவை விற்கப்படுகின்றன.

கருவியின் அமைப்பு எளியது. வேடன் கையில் வானொலி அலை அனுப்பும் சிறுபெட்டி. நாயின் கழுத்தில் அதனை ஏற்கும் பெட்டி. அதன் உட்புறத்தில் தோலைத் தொடும் இரு உலோக முனைகள். அலை வந்ததும் முனைகளுக்கிடையே தோலூடே சிறு மின்னோட்டம் பாயும். தொடக்ககாலப் பட்டைகளில் அது கடுமையாய் இருந்தது. பின்னர் அளவைக் கூட்டவும் குறைக்கவும் வழி வந்தது.

பயிற்சியாளர் கூறும் முறையாவது: முதலில் கயிற்றாலும் உணவாலும் 'வா' என்பதன் பொருளை நாய்க்கு முழுதும் உணர்த்தவேண்டும். அதன்பிறகே பட்டை. நாய் செவியை அசைத்து உணரும் மிகக் குறைந்த அளவைத் தேர்ந்து, அழைத்தவுடன் அழுத்தி, நாய் திரும்பிய கணத்தில் விடவேண்டும். துன்பம் நீங்குவதே பரிசு. பொருள் உணராத நாய்மேல் அழுத்தினால் அது எதற்காக என்று அறியாது; எதிரே நின்ற ஆளையோ பக்கத்துக் குழந்தையையோ அத்துன்பத்தோடு இணைத்துவிடும். பன்றியை மறித்து நிற்கையில் அழுத்துவது இன்னும் கேடு. திகைத்த நாய் கோரைக்கு இரையாகும். அடர்ந்த செம்பனை ஓலையும் ஈரமும் அலையின் எட்டளவைக் குறைக்கும். விற்போர் சொல்லும் தொலைவு வெட்டவெளிக்கு உரியது, பரித்து வெட்டிய சதுப்புத் தோட்டத்திற்கன்று.

ஆய்வுகள் சொல்வது யாது? 1967இல் அமெரிக்காவில் செலிக்மனும் மேயரும் தவிர்க்கவியலாத மின்னதிர்ச்சிக்கு நாய்களை ஆளாக்கினர். தப்ப வழியிருந்த பின்னும் அவற்றுட் பல தப்ப முயலவில்லை. 2007இல் ஹனோவரில் ஷால்க்கே குழுவினர் 14 பீகிள் நாய்களை மூன்று பிரிவாக்கி ஆய்ந்தனர். இரைப்பொம்மையைத் தொட்டபோது மட்டும் அதிர்ச்சி பெற்றவை, எதனால் அது வந்தது என்று அறிந்தன. உமிழ்நீரில் மன அழுத்தச் சுரப்பு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. 'வா' என்ற அழைப்புக்கு வாராமைக்காகப் பெற்றவற்றில் கூடியது. காரணமின்றிப் பெற்றவற்றில் மிக்குயர்ந்தது. மீட்டழைப்புக்கே பட்டையை விரும்புவோர் இம்முடிவை ஊன்றி நோக்கவேண்டும். 2020இல் லிங்கன் பல்கலைக்கழகத்தார் அழைத்தால் வாராத குறையுடைய 63 நாய்களை ஆய்ந்து, பட்டையின்றிப் பரிசால் பயிற்றிய முறை எவ்வகையிலும் பின்தங்கவில்லை, சிலவற்றில் மேலாகவும் இருந்தது எனக் கண்டனர். வேல்சு நாடு 2010இலேயே இப்பட்டையைத் தடைசெய்துவிட்டது.

இவ்வாய்வுகள் பன்றிக்காட்டில் நடந்தவை அல்ல என்று வேடர் மறுக்கலாம். அம்மறுப்பில் ஓரளவு நேர்மை உண்டு. ஆயினும் சுமை யார்மேல் என்பது தெளிவு: பட்டை வேண்டுமென்போரே அதன் தேவையை மெய்ப்பிக்க வேண்டும். கருவாட்டுத் துண்டும் கயிறும் சீழ்க்கையும் கொண்டு லயத்தார் செய்ததை, விலையுயர்ந்த பெட்டியால் செய்ய முடியவில்லை எனில் குறை பெரும்பாலும் பொறுமையில் இருக்கிறது.

மலேசியாவில் காட்டுப்பன்றியை வேட்டையாட 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். விலங்குக்குத் தேவையற்ற துன்பம் விளைப்பதை 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் குற்றமாக்குகிறது. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது. சுற்றியிருந்த லயங்கள் பலவற்றில் இப்போது ஆளில்லை. குடிகள் நகர்ப்புறம் பெயர்ந்தபோது அடுக்குமாடி வீடுகளில் நாய்க்கு இடமில்லாமற் போயிற்று. விடப்பட்ட நாய்களிற் சில தோட்டங்களிலேயே தங்கித் தாமே இரைதேடும் கூட்டங்களாயின. அவற்றை எவரும் பெயர்சொல்லி அழைப்பதில்லை.