சிட்டை, பேரேடு, லினக்ஸ்

போன வாரம் ராத்திரி எட்டு மணி இருக்கும். கேம்பல் பேயில நல்ல மழை. மகள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டுரை தட்டிக்கிட்டு இருந்தா. டக்குன்னு கரண்ட் போச்சு. எங்க வீட்டு யூபிஎஸ் பேருக்குத்தான் யூபிஎஸ் :-) "அப்பா, எல்லாம் போச்சு"ன்னு ஒரே அழுகை.

கரண்ட் வந்ததும் போட்டுப் பார்த்தோம். ஜர்னலை மீட்கிறேன்னு இங்கிலீஷ்ல ஒரு வரி வந்துச்சு, அவ்வளவுதான். கட்டுரை இருந்தது. கடைசியா சேமிச்சதுக்கு அப்புறம் அடிச்ச ரெண்டு பத்திதான் இல்லை.

பி.காம் படிச்சவன் கண்ணுல "ஜர்னல்"னு பட்டா சும்மா விடுவானா? தேடிப் படிச்சதை இங்கே எழுதறேன். பொட்டி தட்டுற மக்கள் தப்பு இருந்தா சொல்லுங்க.

வட்டுல எந்தக் கோப்பு எங்கே இருக்குன்னு கணக்கு வைக்கிறது கெர்னலுக்குள்ள இருக்கிற கோப்பு முறைமை நிரல். லினக்ஸ் முதல்ல மினிக்ஸோட முறையைக் கடன் வாங்கிச்சு. அதுல 64 எம்பிக்கு மேல வட்டு கிடையாது, கோப்புப் பேரு 14 எழுத்துதான். 1992ல ரெமி கார்டு எக்ஸ்ட் எழுதினார், 1993ல எக்ஸ்ட்2 வந்தது. நல்ல பேரேடு. ஆனா சிட்டை கிடையாது. பதிவு பாதியில நின்னா முழுப் பேரேட்டையும் முதல்லேர்ந்து சரிபார்க்கணும். பெரிய வட்டுன்னா மணிக்கணக்கு ஆகும்.

இதுக்கு ஸ்டீபன் ட்வீடி கொண்டுவந்த வழி நம்ம வழிதான்: முதல்ல சிட்டையில எழுது, அப்புறம் பேரேட்டுல ஏத்து. 1998ல கட்டுரையா எழுதினார். 2001 நவம்பர்ல எக்ஸ்ட்3 கெர்னல்ல சேர்ந்தது. நடுவுல கரண்ட் போனா சிட்டையை மட்டும் பார்த்தாப் போதும். முழுசா இருக்கிற பதிவை ஏத்தலாம், அரைகுறையை விட்டுடலாம்.

2006ல தியடோர் சோ முதலானவங்க எக்ஸ்ட்4 ஆரம்பிச்சாங்க. இதுல நம்ம நாட்டுப் பங்கும் உண்டு. ஐபிஎம் இந்தியாவின் அமித் அரோரா எழுதின எஃப்அலோகேட் 2007ல கெர்னல் 2.6.23ல சேர்ந்தது. எழுதறதுக்கு முன்னாடியே வட்டுல இடம் ஒதுக்கும் வசதி அது. கடன் வாங்கறதுக்கு முன்னாடி லிமிட் சாங்ஷன் பண்ற மாதிரி.

2008 டிசம்பர்ல எக்ஸ்ட்4 முழுசா வந்தது. 2009ல ஒரு சிக்கல். வேகத்துக்காக, எழுத்தை எங்கே வைக்கிறதுன்னு அது கொஞ்சம் தாமதிச்சு முடிவு பண்ணும். அதுக்குள்ள கம்ப்யூட்டர் நின்னா சில கோப்புகள் பூஜ்யம் பைட்டா மிஞ்சின. "வட்டுல எழுதுன்னு நிரல் தனியா கேக்கணும், அதுதான் விதி" என்றார் சோ. "எக்ஸ்ட்3ல கேக்காமலே நடந்துச்சே" என்றாங்க மக்கள். ரெண்டு பக்கமும் நியாயம். கடைசியில சோவே இறங்கி வந்து, பழைய பழக்கத்துல எழுதின நிரல்களுக்கும் பாதுகாப்பு சேர்த்தார். கவுண்டர்ல உட்கார்ந்தவனுக்கு இது புரியும். விதி நம்ம கையேட்டுல இருக்கு. வாடிக்கையாளர் வழக்கத்தை நம்பித்தான் பணத்தைப் போடறார்.

ஆனா ஒண்ணு. சிட்டையும் பேரேடும் ஒரே வட்டுலதான் இருக்கு. பாதியில நின்ன வேலைக்குத்தான் ஜர்னல் காவல், வட்டே போச்சுன்னா அதுவும் போச்சு. 2004 டிசம்பர் 26 சுனாமியில இந்தத் தீவோட தென்கோடி இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல தாழ்ந்துபோச்சு. வீட்டோட பத்திரமும் போட்டோவும் கடலுக்குப் போனவங்க இங்கே என் கவுண்டர் முன்னாடி நின்னிருக்காங்க. அவங்ககிட்ட எந்தச் சிட்டையைக் காட்டச் சொல்றது?

மகள் கட்டுரையை முடிச்சதும் ஒரு பிரதி ஊருக்கு, தம்பிக்கு அனுப்பிட்டேன். குடும்பப் போட்டோக்களும் போகுது. வெளியூர்ல இருக்கிறவங்க எல்லாரும் இன்னிக்கே இதைச் செய்யுங்க.